எங்கே போனாலும் கோயில் பேர் சொன்ன பெட்டி

பேர் போட வேண்டாம் என்று சொன்னவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. நெற்றியில் திருமண் இட்டுக்கொண்டு கோபப்படுவது பெரிய தப்பு என்று என் வீட்டுக்காரி சொல்வாள். தப்புதான். பெருமாள் மன்னிக்கட்டும். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

அப்போது நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புத் தகடு வெட்டி மின்சாரப் பெட்டிகள் செய்யும் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். பத்தாவது முடித்து ஐடிஐ போனவன், அவ்வளவுதான் என் படிப்பு. வீடு கவரைப்பேட்டைக்கு உள்ளே தள்ளி. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் எங்கள் ஊர் பஜனை கோயிலில் ஜால்ரா என் கையில் இருக்கும். மிருதங்கம் வாசிப்பவன் என்னைவிட பத்து வயது சின்னவன். அவனும் எங்கள் கம்பெனியில்தான் வேலை செய்தான், ஆனால் காண்ட்ராக்ட் ஆள். தகடு வெட்டும் ஷியரிங் மெஷினுக்கு அவனைப் பிறகுதான் மாற்றினார்கள்.

அந்த மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலால் பெடலை மிதித்தால் ஆள் நீளத்துக்கு ஒரு கத்தி கீழே இறங்கும். விரல் உள்ளே போகாமல் இருக்க முன்னால் ஒரு கம்பித் தடுப்பு உண்டு. அந்தத் தடுப்பு இருந்தால் தகட்டைச் சீக்கிரம் தள்ள முடியவில்லை என்று கழற்றி சுவர் ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டார்கள். கழற்றச் சொன்னது ஃபோர்மேன். கழற்றிய கை என்னுடையது. ஸ்பேனர் பிடித்தவன் நான்தான், அதையும் மறைக்கவில்லை. இரண்டு மாசம் கழித்து அந்த மெஷினில் இருந்தவருக்கு இடது கையில் இரண்டு விரல் நுனி போயிற்று. தடுப்பை அவராகவே கழற்றினார் என்று எழுதி வைத்துக்கொண்டார்கள். அவர் வேலையை விட்டுப் பள்ளிப்பட்டுப் பக்கம் சொந்த ஊருக்கே போய்விட்டார். அடுத்த திங்கட்கிழமை அதே மெஷினில் எங்கள் மிருதங்கக்காரனை நிற்க வைத்தார்கள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை பஜனையில் எனக்குப் பெருமாள் முகம் தெரியவில்லை. அவன் விரல்தான் தெரிந்தது. மிருதங்கத் தோலில் பத்து விரலும் விழுந்து எழும்போது, நான் எண்ணிக்கொண்டே இருப்பேன். ஜால்ரா தப்பிவிடும்.

"ண்ணா, தாளம் எங்க போவுது? தூங்கிக்கினு அடிக்கிறியா?" என்று பாட்டுக்கு நடுவிலேயே அதட்டுவான்.

ஃபோர்மேனிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்றாம் தடவை, "உனுக்கு இன்னாயா பேஜாரு? மெஷினு ஓடுதா, அத்த மட்டும் பாரு" என்றார். மேலே போய்ச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஆயுத பூஜை வந்தது.

ஆயுத பூஜை எங்கள் பேட்டையில் பெரிய விசேஷம். எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. அந்த ஷியரிங் மெஷினுக்கும் மாலை போட்டார்கள். தடுப்பு இல்லாத இடத்தில் பொட்டு வைத்தார்கள். பூஜை முடிந்ததும் பர்சனல் ஆபீசர் எல்லாரையும் கூட்டிப் பேசினார். கம்பெனி வெப்சைட்டில் புதிதாக ஒரு குறைதீர்ப்புப் பெட்டி வைத்திருக்கிறார்களாம். யார் வேண்டுமானாலும் எழுதலாமாம். நேராக ஹெட் ஆபீசுக்குப் போகுமாம். பேர் போட வேண்டாமாம்.

பின்னாலிருந்து வெல்டர் ஒருவர், "கையெழுத்த வெச்சுப் புடிச்சிருவீங்க சார்" என்றார்.

"கம்ப்யூட்டர்ல ஏதுப்பா கையெழுத்து?" என்று ஆபீசர் சிரித்தார்.

"அப்டின்னா கற்பூரம் அணைச்சு சொல்லுங்க சார், நம்பறோம்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆபீசரும் அன்று நல்ல உற்சாகத்தில் இருந்தார். தட்டில் எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அணைத்தார். "எழுதறவன் யாருன்னு நான் கேக்க மாட்டேன். வேற யாரையும் கேக்க விடவும் மாட்டேன். போதுமா?" என்றார். கை தட்டினோம். மற்றவர்களுக்கு அது வேடிக்கை. எனக்கு அப்படி இல்லை. சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் அணைத்தால் அதற்கு மேல் என்ன பத்திரம் வேண்டும்?

எங்கே உட்கார்ந்து எழுதுவது என்றுதான் யோசனை. கும்மிடிப்பூண்டி பஜாரில் பிரவுசிங் சென்டர் இருந்தது. ஆனால் உள்ளே போகும்போதே நோட்டில் பேர், ஊர், போன் நம்பர் எழுதச் சொல்வார்கள். பேர் சொல்லாமல் எழுதும் சங்கதிக்குப் பேர் எழுதிவிட்டு உள்ளே போவதா? பஜனை கோயிலில் நோட்டு கிடையாது. பக்கத்து அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது.

அந்தக் கம்ப்யூட்டர் வந்ததே என்னால்தான். அமாவாசைக்கு அமாவாசை திருவள்ளூர் வீரராகவப் பெருமாளுக்குக் குளத்தில் வெல்லம் கரைக்கப் போவேன். தேரடிப் பக்கம் பழைய கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கொடுக்கிற கடை ஒன்று இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும் என்று ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒன்று வாங்கினோம். கோயிலுக்குக் கொடுக்கிற எதுவும் உபயம் எழுதாமல் வராது, உங்களுக்குத் தெரியும். டியூப் லைட்டில் வெளிச்சம் வர இடம் விடாமல் எழுதுவார்கள். நாற்காலி முதுகில், சுண்டல் அண்டாவில், செருப்பு விடும் பலகையில்கூட எழுதுவார்கள். கம்ப்யூட்டருக்கு மட்டும் எழுதாமல் விடலாமா?

கடைக்காரரிடம் நான்தான் சொன்னேன்: "பெயிண்டுல எழுதனா அழிஞ்சிடும். உள்ளயே எழுதுங்க. இந்தப் பெட்டி எங்கெங்க போவுதோ அங்கெல்லாம் எங்க கோயில் பேரு போவணும்."

"செஞ்சுட்டா போச்சு நைனா" என்றார் அவர்.

செய்தும் கொடுத்தார். இன்டர்நெட் பார்க்கிற ஜன்னலைத் திறந்தால் மேலே நீலப் பட்டையில் எங்கள் ஊர்ப் பேர், பஜனை கோயில், உபயம் என்று இங்கிலீஷ் எழுத்தில் வரும். ஊரே வந்து பார்த்தது. ஏதோ ராஜகோபுரம் கட்டியவன் மாதிரி நான் பக்கத்தில் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பூஜை முடிந்து எல்லாரும் போன பிறகு உட்கார்ந்தேன். போன் லைன் கத்திக் கத்தி இணைந்தது. கம்பெனிப் பக்கம் திறந்தது. பெட்டிக்கு மேலேயே எழுதியிருந்தார்கள், உங்கள் பெயர் தேவையில்லை, நீங்கள் யார் என்று எங்களுக்குத் தெரியாது என்று. இரண்டு விரலால் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டினேன். ஷியரிங் மெஷினில் தடுப்பு இல்லை, ஒருவருக்கு விரல் போய்விட்டது, அவராகக் கழற்றவில்லை, இப்போது நிற்பவனுக்கும் போவதற்குள் வந்து பாருங்கள் சாமி. 'சாமி' என்றுதான் முடித்தேன். அனுப்பிவிட்டு ஒரு துளசி இலையை அந்தப் பெட்டி மேலேயே வைத்துவிட்டு வந்தேன்.

பத்து நாள் ஒன்றும் இல்லை. பதினோராம் நாள் காலை அவனை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். என்னை இல்லை. அவனை.

சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்தான். சட்டையில் குத்தியிருந்த அடையாள அட்டை இல்லை. நேராக என்னிடம் வந்தான்.

"ண்ணா, நாளைலேந்து வர வாணாம்னுட்டாங்க. அப்பால சொல்லி அனுப்பறாங்களாம்."

"இன்னாத்துக்குடா?"

"எவனோ ஹெட் ஆபீசுக்கு மெஷினப் பத்தி எழுதிக்கிறான். நான்தான் எழுதனேன்றாங்க. நம்ம பஜனை கோயில் கம்ப்யூட்டர்லேந்து போச்சாம். அது இவங்களுக்கு எப்படிண்ணா தெரியும்? ஊர்ப் பேரோட சொல்றாங்கண்ணா. மிருதங்கத்து மேல சத்தியம் பண்ணேன், நம்பல."

அவன் வீட்டில் பெண்டாட்டி ஆறு மாசம். பர்மனெண்ட் ஆக்குகிற லிஸ்டில் அவன் பேர் இருப்பதாகப் பேச்சு. நான் சோற்றுத் தட்டைப் பிடித்தபடி நின்றேன். 'நான்தான்' என்பது இரண்டு நொடிச் சொல். அது வரவில்லை. என்மேல் எனக்கிருக்கிற கோபம் அந்த இடத்தில்தான்.

எப்படித் தெரிந்தது என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கம்பெனி கம்ப்யூட்டர் பிரிவில் பொன்னேரிப் பெண் ஒன்று வேலை செய்தது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற பெண், பொய் சொல்லாது. தினமும் நான் வரும் ரயிலில்தான் வரும். அன்று சாயங்காலம் கும்மிடிப்பூண்டி பிளாட்பாரத்தில் அதைப் பிடித்தேன்.

"யம்மா, பேரு போட வாணாம்னு போட்டிருந்துச்சே. எப்படிக் கண்டுபுடிச்சாங்க?"

அது என்னைப் பார்த்தது. பார்த்ததிலேயே யார் எழுதியது என்று அதற்குப் புரிந்திருக்கும். கேட்கவில்லை. அந்த மரியாதையை அந்தப் பெண்ணிடம்தான் கண்டேன்.

"ண்ணா, நீங்க பேரு சொல்ல வேணாம். கம்ப்யூட்டரே சொல்லிடும்."

"என் பேரு அதுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க பேரு இல்லண்ணா. அதோட பேரு. எந்தப் பக்கத்தத் தொறந்தாலும், உள்ள போறதுக்கு முன்னாடி பிரவுசர் தன்னப் பத்தி ஒரு வரி சொல்லும். நான் இன்ன பிரவுசர், இத்தனாவது வெர்ஷன், இன்ன விண்டோஸ்ல ஓடுறேன், என்மேல இன்னின்ன சேத்து வெச்சிருக்காங்க, அப்படின்னு. யூசர் ஏஜென்ட்னு பேரு. அந்தப் பக்கத்த வெச்சிருக்கிற கம்ப்யூட்டரு எந்த நேரத்துல எந்த வரி வந்துதுன்னு குறிச்சு வெச்சுக்கும்."

"கேக்காமலேயா?"

"கேக்காமலேதான். எல்லாக் கம்ப்யூட்டரும் சொல்லுது. நெறைய பேர் சொல்ற வரி ஒரே மாரி இருக்கும், யாருன்னு சொல்றது கஷ்டம். உங்களுது மட்டும் கோயில் பேரோட வந்துது. யாரோ உள்ள எழுதிக் குடுத்திருக்காங்க."

நான் ரயில் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே எழுதச் சொன்ன புத்திசாலி யார் என்று எனக்குத் தெரியுமே.

அது விடவில்லை. "அது மட்டும் இல்லண்ணா. மிருதங்கம் வாசிக்கிறவரு ஆடி மாசம் நம்ம வெப்சைட்டுலயே பர்மனெண்ட் வேலைக்கு அப்ளிகேஷன் போட்டாரு. அதுல பேரு, அட்ரஸ் எல்லாம் உண்டு. அதுவும் கோயில் பேரு இருக்கிற அதே வரியோட வந்திருக்கு. போன் லைன்ல போறதால ஒவ்வொரு தடவையும் இன்டர்நெட் நம்பரு மாறிடும், அத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. இந்த வரி மாறல. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாங்க. முடிஞ்சுது. என்னத்தான் பிரிண்ட் எடுக்கச் சொன்னாங்க. எடுத்தேன். எனக்கும் ராத்திரி தூக்கம் இல்லண்ணா."

ரயில் வந்தது. ஏறவில்லை நான்.

யோசித்துப் பாருங்கள். வேலை வேண்டும் என்று அவன் நம்பிக்கையோடு பேர் எழுதிக் கொடுத்தது ஒரு நாள். பேர் வேண்டாம் என்று இவர்கள் சொன்னதை நம்பி நான் எழுதியது வேறொரு நாள். இரண்டையும் ஒரு நூலில் கோத்து அவன் கழுத்தில் போட்டுவிட்டார்கள். ஒருவன் தெருவில் நடந்து போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் செருப்பு ஒவ்வொரு வாசலிலும் நின்று, நான் இன்ன கடையில் வாங்கியது, இன்ன இடத்தில் தைத்தது என்று சொல்லிக்கொண்டே போனால் அவனுக்கு எப்படி இருக்கும்? அதையும் ஒவ்வொரு வீட்டுக்காரனும் நேரத்தோடு எழுதி வைத்துக்கொண்டால்? செருப்புப் போட்டவனுக்கு இது தெரியவே தெரியாது. அவனிடம் யாரும் சொல்லவும் இல்லை. இதற்கு ஏஜென்ட் என்று பேர் வேறு. எங்கள் பேட்டையில் ஏஜென்ட் என்றால் ஆள் பிடித்துக் கொடுப்பவன். சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை குளித்து, திருமண் இட்டு, ஒரு கட்டிக் கற்பூரத்தைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். பர்சனல் ஆபீசர் அறைக் கதவைத் தட்டினேன்.

"சார், அத்த எழுதனது நான். அவன் இல்ல."

அவர் நிமிர்ந்தார். "எதை எழுதனது?"

"உங்களுக்குத் தெரியும் சார்."

"யாரு எழுதனதுன்னு நான் கேக்கவே இல்லையேப்பா" என்றார். முகத்தில் சிரிப்பு. "ஆயுத பூஜையில என்ன சொன்னேன்? கேக்க மாட்டேன்னேன். கேட்டேனா? உங்க கம்ப்யூட்டரு அதுவா வந்து சொல்லிச்சு. சொன்னா காதைப் பொத்திக்க முடியுமா?"

அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கற்பூரம் அணைத்த கையை மேஜை மேல் வைத்துக்கொண்டு பேசுகிறார். கேட்கவில்லையாம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, கதவைத் திறக்கச் சொல்லவில்லையே என்பது என்ன நியாயம்? சட்டப்படி அவர் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். சாமிக்கு முன்னால் செய்த சத்தியத்தில் இப்படிச் சந்து பொந்து தேடுகிறவனை என்ன சொல்வது?

பையிலிருந்து கற்பூரத்தை எடுத்து அவர் மேஜை மேல் வைத்தேன்.

"கொளுத்துங்க சார். நான் எழுதனேன்னு நான் அணைக்கறேன். கேக்கலைன்னு நீங்க இன்னொரு தடவ அணைங்க."

அவர் கற்பூரத்தைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "எடுத்துக்கினு போய்யா. ஃபயர் அலாரம் அடிக்கும்" என்றார்.

இரண்டு நாளில் அவனை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார்கள். என்னைக் கழிவு இரும்பு கொட்டுகிற யார்டுக்கு மாற்றினார்கள். வெயில், துரு, நிழலுக்கு ஒரு வேப்பமரம். இருபது வருஷம் ஃபிட்டராக இருந்தவனுக்கு அங்கே ஸ்பேனர் பிடிக்க வேலை இல்லை. பர்மனெண்ட் லிஸ்ட் வந்தபோது அவன் பேர் அதில் இல்லை. கேட்டால் அடுத்த வருஷம் என்றார்கள். ஹெட் ஆபீசிலிருந்து ஆள் வருவதற்கு முதல் நாள் அந்தக் கம்பித் தடுப்புக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து மெஷினில் மாட்டினார்கள். வந்தவர்கள் போன பிறகும் கழற்றவில்லை. அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

நடந்ததை நானே சொல்ல அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நிற்க வைத்தே பேசினான்.

"என் விரலுக்காக எழுதனியே, என்கைல ஒரு வார்த்த கேட்டியாண்ணா? நான் லிஸ்டு வர வரிக்கும் பொறுத்துக்கினு கீறேன். நீ நடுவுல பூந்து கெடுத்துட்ட. நான் வெளிய நிக்கசொல்ல நீ சோத்துத் தட்ட வெச்சுக்கினு முழிக்கிற."

கேட்காமல் அவனைப் பற்றிச் சொன்ன கூட்டத்தில் நானும் ஒருவன்தான்.

அடுத்த அமாவாசைக்குத் திருவள்ளூர் போனபோது கம்ப்யூட்டரைத் துணியில் கட்டிப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். தேரடிக் கடைக்காரரிடம் சண்டை பிடித்தேன்.

"நைனா, நீதானே சொன்ன? எங்கெங்க போவுதோ அங்கெல்லாம் பேரு போவணும்னு. போச்சு. இப்ப வந்து கத்தறியே."

"எடுத்துடு. எல்லாத்தயும் எடுத்துடு. எங்க போனாலும் வாயத் தொறக்கக் கூடாது."

"கோயில் பேர எடுத்துடறேன். மீதி வரி போய்க்கினுதான் இருக்கும். ஒண்ணுமே சொல்லலன்னா பாதிப் பக்கம் தொறக்காது. உன்னுது வேற ரொம்பப் பழைய வெர்ஷனு. உங்க ஊர்ப் பக்கம் அத்த வெச்சுக்கினு கீறவன் நீ ஒருத்தனாத்தான் இருப்ப. பேரு இல்லாமயே அடையாளம்தான்."

அதாவது வாயை மூடவே வழியில்லை. கொஞ்சம் மெதுவாகப் பேச வைக்கலாம், அவ்வளவுதான். இதை ஏன் முன்னாடியே ஒருவரும் சொல்லவில்லை? உங்கள் பெயர் தேவையில்லை என்று அவ்வளவு பெரிய எழுத்தில் போட்டவர்களுக்கு, அதன் கீழேயே, பெயர் இல்லாமலே எங்களால் சேர்த்துப் பார்க்க முடியும் என்று ஒரு வரி போட இடம் இல்லையா? படித்தவர்கள் கட்டிய பெட்டி. படித்தவர்களுக்குத் தெரிந்த வழி. எங்களைப் போன்றவர்கள் கற்பூரத்தை நம்பி வருவோம் என்றும் அவர்களுக்குத் தெரியும்.

மூன்று சனிக்கிழமை மிருதங்கம் இல்லாமல் பஜனை நடந்தது. வெறும் ஜால்ராவும் ஆர்மோனியமும். நாலாவது சனிக்கிழமை, பாட்டு ஆரம்பிக்கப் போகிற நேரத்தில் அவன் வந்தான். என்னைப் பார்க்கவில்லை. மிருதங்கத்தின் உறையைக் கழற்றி மடியில் வைத்து, வாரை இழுத்து, விரலால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தான். பிறகு பக்கத்து அறைப் பக்கம் தலையைத் திருப்பினான்.

"அந்தப் பொட்டி ஆஃப்ல கீதா?"

"பிளக்கையே புடுங்கிட்டேன்" என்றேன்.

"அப்ப வாசிக்கலாம்" என்றான்.

வாசித்தான். நான் எண்ணினேன். பத்தும் இருந்தது. ஜால்ரா தப்பியது.

"ண்ணா, தாளம்!"